இன்னும் ரெண்டு ஸ்டாப்

எங்கள் பஸ்ஸுக்கு நம்பர் கிடையாது. ஊர்ப்பெயர் எழுத வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைப் பலகைதான் இருக்கும். ஆனால் நாலு மணிக்கு ஏறுகிறவர்களில் ஒருவர்கூட இதுவரை "இது எந்த ஊரு வண்டி?" என்று கேட்டதில்லை. ஆளுக்கொரு ஊரை அந்தப் பலகையில் படித்துவிட்டு ஏறிக்கொள்வார்கள். அதற்கு மட்டும் எந்த இயந்திரமும் தேவைப்படவில்லை.

குற்றால மலையின் அடிவாரத்தில் இருக்கிறது சாரல்சோலை. சுற்றுவட்டாரத்தில் 'மறதிக்காரங்க காலனி' என்றால்தான் ஆட்டோக்காரருக்குத் தெரியும். நாற்பது வீடுகள், அறுபத்துநாலு பேர். கடை உண்டு, சலூன் உண்டு, பிள்ளையார் கோயிலும் மாதா கெபியும் அடுத்தடுத்து உண்டு. சுற்றிலும் மதில். ஆனி பிறந்தால் மலையிலிருந்து சாரல் இறங்கி வந்து அந்த மதிலைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிவிடும். அந்த மூன்று மாதம் இங்கே எல்லோரும் கொஞ்சம் லேசாக நடப்பார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, டாக்டர் ஜெயசீலி என்னை ஜன்னலோரம் நிறுத்திவைத்து நாலு மணியைக் காட்டினார். கதவு கதவாகத் திறந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். கையில் பை, கூடை, ஒருவர் கையில் வெறும் செருப்பு.

"வெளிச்சம் சாயுது பாத்தீங்களா தெய்வானை? உடனே உடம்புக்குள்ள ஒரு மணி அடிக்குது. வீட்டுக்குப் போணும். மாடு கத்தும், உலை வைக்கணும், பிள்ளை தேடும். இதுதான் உங்க வீடுன்னு சொன்னா சண்டை. கேட்டைப் பூட்டுனா அழுகை. மாத்திரை குடுத்தா தூக்கம். மூணையும் நான் பண்ணிப் பாத்துட்டேன். நாலாவதா ஒரு பஸ் விடப் போறோம்."

"எங்க போற பஸ் டாக்டர்?"

"அவங்க போணும்னு நெனைக்கிற இடத்துக்கு."

பஸ் நிஜமான பஸ்தான். மதிலை ஒட்டிய தடத்தில், ஆள் நடக்கிற வேகத்தில், தானாகவே சுற்றிவரும். டிரைவர் இல்லாத சீட்டைத் திரை போட்டு மறைத்தோம். திரையின் ஓரத்தில் ஒரு ஈரத் துண்டைத் தொங்கவிட்டதும், உள்ளே டிரைவர் இருப்பதாக எல்லோரும் நம்பிவிட்டார்கள். பொய் சொல்வதெல்லாம் ஜன்னல்கள். ஏறும்போது ஒவ்வொருவர் காதுக்குப் பின்னாலும் சிறிய கறுப்பு வில்லை ஒன்றை ஒட்டுவோம். அதைத் திருஷ்டிப் பொட்டு என்றுதான் இங்கே சொல்கிறார்கள், டாக்டர் உட்பட. யார் எந்த மரத்தைப் பார்த்து மனம் குளிர்கிறார்கள் என்பதை அந்தப் பொட்டு கண்ணாடிக்குச் சொல்லும். கண்ணாடி அந்த மரத்தைத் தெளிவாக்கும், மற்றதை மூடுபனியில் விட்டுவிடும். அடுத்தடுத்த சீட்டில் இருப்பவர்களில் ஒருவருக்கு வெயிலில் பனங்காடு ஓடும், இன்னொருவருக்கு மழையில் தேயிலைத் தோட்டம் ஓடும்.

அந்த ரோடுகளுக்கு முதல் கோடு போடுவது என் வேலை. குடும்பத்தாரைக் கேட்டு, பழைய படங்களைப் பார்த்து, எங்கே பாலம், எங்கே வளைவு, எங்கே புளியமரம் என்று எழுதுவேன். இதற்கு முன்னால் ஒரு ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்தேன். அங்கேயும் இல்லாத ரோட்டை இருப்பதாகத்தான் எழுதினேன். இங்கே அதற்கு நன்றி சொல்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

வண்டியை நிறுத்தவும் கிளப்பவும் முதலில் ஒரு மின்மணி வைத்திருந்தார்கள். வடிவமைத்தவர்கள் எந்த ஊரோ. மணி அடித்தால் எங்கள் ஆட்கள் பள்ளிக்கூடம் விட்டுவிட்டதாக நினைத்து எழுந்து நின்றார்கள். விசில் வேண்டும் என்று நான்தான் சண்டை போட்டு மாற்றினேன். ஒரு விசில் என்றால் வண்டி நிற்கும், இரண்டு விசில் என்றால் கிளம்பும். இயந்திரம் ஒரே நாளில் கற்றுக்கொண்டது.

விசில் என்னிடம் ஒன்று. இன்னொன்று இசக்கியப்பன் அண்ணாச்சியிடம்.

அண்ணாச்சிக்கு எழுபத்தொன்பது வயது. முப்பத்தோரு வருஷம் கண்டக்டராக இருந்தவர். ஞாபகத்திலிருந்து மனைவி பெயர் போய்விட்டது, மூன்று பிள்ளைகளில் இரண்டு பேர் போய்விட்டார்கள், தோள்பை மட்டும் போகவில்லை. நானும் கண்டக்டர் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டார். "நீ டிரெய்னிங்கில இருக்கே தெய்வு, பாத்துப் படி" என்பார். நாங்கள் அச்சடித்துக் கொடுத்த டிக்கெட்டுகளை எச்சில் தொட்டுக் கிழித்து ஒவ்வொருவர் கையிலும் வைப்பார். யார் எங்கே என்று கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான்.

"இன்னும் ரெண்டு ஸ்டாப். உள்ள போங்க, உள்ள போங்க."

அது நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது. எங்கள் பஸ்ஸின் சட்டமே அதுதான். இந்த வண்டி போகும், போய்ச் சேராது. நாற்பது நிமிஷம் போய்க்கொண்டிருந்தால் போதும், உடம்புக்குள் அடித்த மணி ஓய்ந்துவிடும். பிறகு இறங்கி, இட்லி சாப்பிட்டு, எங்கே புறப்பட்டோம் என்பதை மறந்து தூங்கப் போவார்கள்.

சட்டம் வந்ததற்குக் காரணமும் நான்தான். முதல் மாதம் மரியசூசை சாருக்கு அவர் வீட்டு ரோட்டை வாசல் வரை எழுதிவிட்டேன். கண்ணாடியில் வீடு வந்தது, வேப்பமரம் வந்தது, அவர் சந்தோஷமாக எழுந்தார். கதவு திறந்தது. வெளியே எங்கள் சலவைக் கொடியில் முப்பது போர்வைகள் காய்ந்துகொண்டிருந்தன. "என் வீட்ட யாரு பிரிச்சது?" என்று என்னைத்தான் கேட்டார். அதற்கப்புறம் அவர் பஸ்ஸில் ஏறவில்லை. நாலு மணிக்கு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, பஸ்ஸுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். அந்த முதுகைக் கடந்துதான் நான் தினமும் விசில் ஊத வேண்டும்.

ஆவுடையம்மாள் எங்களிடம் வந்து இரண்டு வருஷமாகிறது. எண்பத்தொரு வயது, பீடி சுற்றிய விரல்கள். இப்போதும் சும்மா இருக்கும்போது விரல்கள் காற்றில் இலையை மடக்கிக்கொண்டே இருக்கும். மூன்றரை மணிக் காப்பியோடு இரண்டு பிஸ்கட் கொடுப்போம். ஒன்றைச் சாப்பிடுவாள். மற்றதை முந்தியில் முடிந்துகொண்டு, குடையை எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிடுவாள்.

"எங்கம்மா?"

"பிள்ளைய கூப்பிடப் போறேன். ரெண்டாங் கிளாஸ். பள்ளிக்கூடத்து கேட்ல நிக்கா. மழ வேற வருது."

அவள் கண்ணாடியில் எப்போதும் மழைதான். எந்த ஜன்னலில் என்ன ஓடுகிறது என்று பார்க்க எனக்குக் கையகலத்தில் ஒரு திரை உண்டு. ரோடு வரும், பீடிக்கடை தாண்டும், பாலம் தாண்டும், பள்ளிக்கூடத்து ஓட்டுக்கூரை தெரியும். அங்கே நான் ஒரு வளைவைப் போட்டிருந்தேன். வளைவுக்கப்புறம் மறுபடி பீடிக்கடை.

கணக்குப்படி அவள் எங்கள் மிகச் சிறந்த பயணி. ஏறும்போது படபடப்பு, இறங்கும்போது அமைதி. அறிக்கையில் பச்சைக்கோடு.

ஒரு நாள் எறும்பு காட்டிக்கொடுத்தது. தலையணை உறைக்குள் எறும்புச் சாரை போவதைப் பார்த்து உதறினால், உள்ளே பிஸ்கட். நாற்பத்துமூன்று. ஒவ்வொரு நாளும் பிள்ளைக்கென்று எடுத்துப்போய், கொடுக்க முடியாமல் திருப்பிக் கொண்டுவந்தது. பயணத்தை மறந்தாள், மழையை மறந்தாள், போய்ச் சேரவில்லை என்பதை மட்டும் உடம்பில் ஏதோ ஒன்று ஒளித்துவைத்துக்கொண்டே வந்திருக்கிறது. என் பச்சைக்கோட்டின் மேல் எனக்கிருந்த நம்பிக்கை அன்றோடு போனது.

அந்த வாரம்தான் மகள் வந்தாள்.

முப்பிடாதிக்கு ஐம்பத்தெட்டு வயது. சென்னையில் மருந்துக் கம்பெனி ஒன்றில் பெரிய பொறுப்பு. இடது நெற்றியில் ஒரு பட்டை நரை, சாயம் பூசாமல் அப்படியே விட்டிருந்தாள். மாதம் ஒருமுறை வருவாள். வாசலில் இருக்கும் வருகைப் பதிவேட்டில் 'உறவு' என்ற இடத்தில் மகள் என்று அழுத்தி எழுதுவாள், பேனா அடுத்த பக்கத்திலும் பதியும். உள்ளே போனால் ஆவுடையம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இப்ப நேரமில்ல, பிள்ள நிக்கா" என்று நகர்ந்துவிடுவாள். இரண்டு வருஷமாக இதே கதை.

நான் பிஸ்கட்டுகளை ஒரு தட்டில் வைத்து அவளிடம் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாதோ என்னவோ. தட்டிலிருந்து ஒன்றை எடுத்துப் பார்த்தாள்.

"எந்த நாள்னு எனக்குத் தெரியும்" என்றாள். "ஐப்பசி மாசம். நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டாச்சு. அம்மா வரல. பிள்ளைங்க எல்லாம் போயாச்சு. டீச்சருங்களும் போயாச்சு. வாட்ச்மேன் கேட்டைச் சாத்திட்டு, அம்மா வந்துரும்னு சொல்லிட்டு சைக்கிள்ல போயிட்டார். புளியமரத்துக்குக் கீழ ஒத்தையில நின்னேன். ஆறரை வரைக்கும். அப்புறம் நானே நடக்க ஆரம்பிச்சேன். பாலத்துல எதிர்ல ஓடி வந்தா. நான் ஒரு வார்த்தை பேசல."

"ஏன் லேட்டாச்சுன்னு சொல்லலியா அவங்க?"

"நான் கேக்கலயே. கடையில கழிவு எடுத்துட்டாங்களாம்."

சரியாகச் சுற்றாத பீடியைக் கடைக்காரர் ஒதுக்குவதற்குக் கழிவு என்று பெயர். ஒதுக்கியதை அங்கேயே உட்கார்ந்து மறுபடி சுற்றிக் கொடுத்தால்தான் விடுவார்கள்.

"அதுவே எனக்குப் போன வருஷம்தான் தெரியும். தூக்கத்துல சொன்னா. அதுக்குள்ள அம்பது வருஷம் போயாச்சு. காலேஜ்னாலும் கல்யாணம்னாலும், எங்களுக்குள்ள எந்தச் சண்டை வந்தாலும் கடைசியில நான் அந்தக் கல்லைத்தான் எடுப்பேன். 'நீ என்னை மறந்துட்டுப் போனவதானே'ம்பேன். உடனே வாயை மூடிக்குவா. எனக்கு அது வசதியா இருந்துச்சு."

பெற்ற மகளின் முகத்தையே மறந்துவிட்ட ஆவுடையம்மாளுக்கு, மறந்துவிட்டாய் என்று மகள் சொன்னது மட்டும் மறக்கவில்லை.

"ஒரே ஒரு தடவை அந்த பஸ் போய்ச் சேரட்டும்" என்றாள் முப்பிடாதி. "கேட்ல நான் நிக்கிறேன். என்னைத் தேடித்தானே போறா. அங்க நான் இருந்தா அடையாளம் தெரியாமலா போகும்?"

"அவங்க தேடுறது ஏழு வயசுப் பிள்ளைய, மேடம்."

"நான்தானே அது."

நான் மரியசூசை சாரின் முதுகைப் பற்றிச் சொன்னேன். இறங்கிப் பார்த்து, பிள்ளை அங்கே இல்லை என்று அவள் கண்டுவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். இப்போதாவது போய்க்கொண்டிருக்கிறாள். அப்புறம் போவதற்கும் இடமிருக்காது.

"கண்ணாடியில பிள்ளைய நீங்களே வரைஞ்சு காட்ட முடியாதா?"

"ரோடுதான் நான் போடுறது. முகம் அவங்க மனசுல இருந்து வரணும். மனசுல இல்லாத முகத்தக் காட்ட அந்தக் கண்ணாடிக்குத் தெரியாது. புதுசா ஒரு முகம் அவங்க மனசுல ஏறவும் ஏறாது. அந்த வியாதியே அதுதான மேடம்."

டாக்டர் ஜெயசீலியிடம் போனோம். முழுவதும் கேட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முடியாது" என்றார். "எழுதிக் கேட்டா எழுதி மறுப்பேன்." பிறகு மேஜையில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தார். "வியாழக்கிழமை நான் திருநெல்வேலி போறேன். திரும்ப ஆறு மணி ஆயிரும். நான் இல்லாத நேரத்துல இங்க என்ன நடக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

புதன்கிழமை பூராவும் உட்கார்ந்து வளைவை அழித்து எழுதினேன். எங்கள் பின்வாசலில் ஒரு பழைய இரும்புக் கேட் இருக்கிறது. பக்கத்தில் நிஜமாகவே ஒரு புளியமரம். கண்ணாடியில் பள்ளிக்கூடம் வரும் நேரமும், வண்டி பின்வாசலை எட்டும் நேரமும் ஒன்றாக வரும்படி ரோட்டை நீட்டினேன், குறைத்தேன். சலவைக் கொடிகளை அவிழ்த்தேன். மிச்சத்தை மலை பார்த்துக்கொள்ள வேண்டும்.

மலை பார்த்துக்கொண்டது. வியாழன் மதியம் சாரல் இறங்கியது. மூன்றரைக்கு மதில் இல்லை, நாலுக்கு வீடுகள் இல்லை. வெள்ளைக்குள்ளிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக வந்து பஸ்ஸில் ஏறினார்கள். ஆவுடையம்மாள் முந்தியில் பிஸ்கட்டை முடிந்திருந்தாள். காதுக்குப் பின்னால் ஒட்டும்போது பொட்டு என் விரலிலிருந்து இரண்டு தடவை நழுவியது.

"குளிருதா தாயி?" என்று கேட்டாள்.

இரண்டு விசில். வண்டி நகர்ந்தது. இசக்கியப்பன் அண்ணாச்சி டிக்கெட் கிழித்துக்கொண்டே போனார். எல்லா ஜன்னல்களிலும் அவரவர் ஊர் நிதானமாகப் போனது. என் திரையில் பீடிக்கடை வந்தது, பாலம் வந்தது, ஓட்டுக்கூரை வந்தது. வளைவு வர வேண்டிய இடத்தில் ரோடு நேரே போனது. ஆவுடையம்மாள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

எனக்குத் தைரியம் போய்விட்டது. உண்மையைச் சொல்கிறேன். முன்னால் மங்கலாக இரும்புக் கேட் தெரிந்தது, புளியமரம் தெரிந்தது, அதன் கீழே குடையில்லாமல் ஒரு பெண் நிற்பது தெரிந்தது. எனக்கு நாற்காலியைத் திருப்பிப் போட்ட மனுஷர்தான் ஞாபகத்துக்கு வந்தார். விசிலை வாயில் வைத்துக்கொண்டேன், ஊதவில்லை. வண்டி பாட்டுக்குக் கடந்து போகட்டும், இன்னொரு சுற்று சுற்றிவிட்டு இட்லி சாப்பிடலாம் என்று முடிவே செய்துவிட்டேன்.

ஒரு விசில் கேட்டது. ஒன்றே ஒன்று. வண்டி நின்றது.

"என்ன தெய்வு, ஸ்டாப்ப விடுதே?" என்றார் அண்ணாச்சி. "எறங்க வேண்டிய ஆளு இருக்குல்லா. அந்தம்மா தெனமும் ஏறுது, ஒரு நாளும் எறங்க மாட்டேங்கு. நானும் பாத்துட்டுத்தான் இருக்கேன்." பிறகு சீட்டின் கம்பியைத் தட்டினார். "பள்ளிக்கூடத்து ஸ்டாப் எறங்குங்க. பாத்து, வழுக்கும்."

கதவு திறந்தது. ஆவுடையம்மாள் எழுந்து, கம்பியைப் பிடித்து, படியில் ஒரு காலை வைத்தாள். சாரல் முகத்தில் அடித்தது. அது நிஜ மழை. நான் பின்னாலேயே இறங்கினேன்.

முப்பிடாதி நனைந்துபோய் நின்றாள். வாயைத் திறந்து 'அம்மா' என்று சொல்லப் போனாள். அதற்குள் ஆவுடையம்மாள் அவளை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போய், எதிரே நின்று, இரண்டு கையையும் கூப்பினாள்.

"டீச்சர், நீங்க வீட்டுக்குப் போவலியா? இம்புட்டு நேரமும் எம் பிள்ள கூட நின்னியளா?"

முப்பிடாதி பின்னால் இருந்த கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"கழிவு எடுத்துட்டாவ டீச்சர். ஒரு கட்டு முழுசும் மறுபடி சுத்தச் சொல்லிட்டாவ. பிள்ள நிக்காளேன்னு கெஞ்சிப் பாத்தேன், விடல. ஒத்தையில நிப்பாளே, ஒத்தையில நிப்பாளேன்னு உசிரக் கையில பிடிச்சிட்டு ஓடி வாரேன். நீங்க நிப்பியன்னு தெரிஞ்சிருந்தா நான் பயந்திருக்க மாட்டேன்."

நான் அவள் மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'நான்தாம்மா முப்பிடாதி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதைச் சொல்லத்தான் இரண்டு வருஷமாக எழுநூறு கிலோமீட்டர் வந்துபோகிறாள். சொன்னால் என்ன ஆகும்? புளியமரத்தடியில் நிற்கிற பிள்ளை இல்லாமல் போவாள். இல்லை, ஒருவேளை தெரிந்தும்விடலாம். யாருக்குத் தெரியும்?

முப்பிடாதி முகத்தில் வழிந்த மழையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆமாக்கா" என்றாள். சென்னைப் பேச்சு எங்கே போனதென்று தெரியவில்லை. "நான் போவல. கூடத்தான் நின்னேன்."

"அழுதாளா?"

"இல்லக்கா. அம்மா வருவா, அம்மா வருவான்னு சொல்லிட்டே நின்னா."

ஆவுடையம்மாள் பெருமூச்சு விட்டாள். அப்படி ஒரு மூச்சை நான் கேட்டதில்லை. பிறகு முப்பிடாதிக்கு இடது பக்கம் குனிந்து, ஏழு வயதுப் பிள்ளையின் தலை இருக்கும் உயரத்தில், முந்தியால் துடைத்தாள். முடிச்சை அவிழ்த்து பிஸ்கட்டை நீட்டினாள். அது தரையில் விழுந்து நனைந்தது, அவள் பார்க்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கைக்குள் ஒன்றும் இல்லை என்று என்னால் இப்போதும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

"டீச்சரும் ஏறுங்க. மழையில எப்படிப் போவிய?"

படியில் இசக்கியப்பன் அண்ணாச்சி நின்றிருந்தார். ஆவுடையம்மாளைப் பார்த்தார், அவள் கைக்குக் கீழே பார்த்தார், முப்பிடாதியைப் பார்த்தார். எச்சில் தொட்டு மூன்று டிக்கெட் கிழித்தார். மூன்றாவதை மட்டும் குறுக்கே பாதியாகக் கிழித்தார்.

"ரெண்டு முழுசு, ஒரு அரை. பிள்ளைய ஜன்னலோரம் உக்கார வைங்க. தலைய வெளிய நீட்டப்பிடாது."

இரண்டு விசில்.

மூன்று பேர் உட்காரும் சீட்டு அது. ஜன்னலோரத்தைக் காலியாக விட்டு நடுவில் ஆவுடையம்மாள் உட்கார்ந்தாள். ஓரத்தில் முப்பிடாதி ஒடுங்கி உட்கார்ந்தாள். கைக்குட்டையை எடுக்காமல் அழுதாள். மழை ஈரத்தில் அதுவும் ஒன்றுதான். "அம்மாவுக்கு இனிமே நான் கிடையாது இல்லையா" என்று என்னிடம் கேட்டாள், மெதுவாக.

சும்மா என் கையகலத் திரையைப் பார்த்தேன்.

ஆவுடையம்மாளின் ரோட்டில் இருட்டிவிட்டிருந்தது. அவள் மனசில் மணி ஆறரை அல்லவா? இருட்டில் பஸ்ஸுக்குள் விளக்கு எரிந்தால் ஜன்னலில் வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே இருப்பவர்கள்தான் தெரிவார்கள். கண்ணாடி அதைத்தான் வரைந்துகொண்டிருந்தது. ரெட்டைச் சடை, நனைந்த சட்டை, கையில் பிஸ்கட்டோடு ஒரு சிறுமி. அவள் முகத்தில் கோபம் இல்லை, சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் முப்பது வயது ஆவுடையம்மாள். அதற்கும் பக்கத்தில் டீச்சர்.

டீச்சரின் இடது நெற்றியில் ஒரு பட்டை நரை இருந்தது.

நான் திரையை முப்பிடாதியின் மடியில் வைத்தேன். மனசில் இல்லாத முகத்தைக் கண்ணாடி காட்டாது என்று நான் சொன்னது அவளுக்கும் ஞாபகம் இருந்திருக்க வேண்டும். முதலில் சிறுமியைப் பார்த்தாள். பிறகு அந்த மூன்றாவது முகத்தைத் தொட்டுப் பார்த்தாள். அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. பஸ் சாரலுக்குள் போய்க்கொண்டே இருந்தது.

ஆறு மணிக்கு டாக்டர் வந்தார். அறிக்கையைப் பார்த்தார். பச்சைக்கோட்டைக் காணவில்லை, பள்ளிக்கூடத்து ஸ்டாப்புக்கு அப்புறம் கோடே விழவில்லை, படபடப்பென்று அளக்க ஒன்றும் மிச்சமில்லை. ஆவுடையம்மாளின் தலையணை உறைக்குள் அவரே கையை விட்டுப் பார்த்தார், ஒன்றும் இல்லை. பிறகு மரியசூசை சாரின் நாற்காலிப் பக்கம் போய், அவரோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். எல்லோருக்கும் ஒரு புளியமரம் கிடைத்துவிடாது என்பது டாக்டருக்கும் எனக்கும் தெரியும்.

அதன் பிறகு ஆவுடையம்மாள் நாலு மணி வண்டிக்கு வருவதில்லை. இரண்டு பிஸ்கட்டில் ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு, இன்னொன்றைத் தட்டில் தள்ளி வைக்கிறாள். குடை மூலையில் கிடக்கிறது. இசக்கியப்பன் அண்ணாச்சிதான் அவள் வீட்டு வாசலைப் பார்த்து, "அந்தம்மா ஊருக்கு மாத்தலாயிட்டு போல" என்றார்.

அடுத்த மாதம் முப்பிடாதி வந்தபோது நான் வாசலில் இருந்தேன். ஆவுடையம்மாள் தூரத்திலேயே அவளைப் பார்த்துவிட்டாள். எழுந்து நின்றாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவளைப் பார்த்து முகம் மலர்ந்தது.

"டீச்சர் வாரியளா? வாங்க, வாங்க. உங்களத்தான் நெனச்சிட்டிருந்தேன்."

"வாரேன்க்கா. ஒரு நிமிசம்."

முப்பிடாதி பதிவேட்டில் குனிந்தாள். பெயர், ஊர், வந்த நேரம் எல்லாம் எழுதினாள். 'உறவு' என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. பிறகு, அடுத்த பக்கத்தில் பதியாதபடி லேசாக, டீச்சர் என்று எழுதினாள்.